பாதியில் நின்ற சொல்

கிஸ்லே மாதம், ஐந்தாம் நாள்
பெத்தேலா

யோப்பாவில் இருக்கும் பெலத்தியாவுக்கு, எல்நாத்தானின் மனைவி தீர்சாள் எழுதுவது.

நீங்கள் யோப்பாவில் இருப்பது உப்பு வியாபாரி சக்கூர் சொல்லித்தான் தெரிந்தது. துறைமுகத்தில் கயிறு திரிக்கிற இடத்தில் கூலிக்கு நிற்கிறீர்களாம். மழைநீர் சேர்க்கிற நிலத்தொட்டிக்குச் சுண்ணாம்பு பூசின கை கயிறு திரிக்கிறதா என்று கேட்டேன். "கைய விடும்மா, ஆளே கரைஞ்சு போயிட்டாரு" என்றார்.

மூன்று மாதத்துக்கு முன், எலூல் மூன்றாம் நாள் என் மகள் நோவாளைக் குகைக்குள் வைத்துக் கல்லைப் புரட்டி மூடினோம். நாலு வயது. தொண்டை வீங்கி மூன்றே நாளில் போனாள். பதினான்காம் நாள் அவளுடைய அப்பாவைக் கல்லெறிந்து கொன்றார்கள். இரண்டுக்கும் நடுவில் பதினொரு நாள்தான். அன்று மாலையே, வழக்கம் எதுவோ அதன்படி, நியாயாதிபதிகளின் வீடுகளுக்கும் இரண்டு சாட்சிகளின் வீடுகளுக்கும் போனேன். "உங்கள்மேல் எங்கள் மனத்தில் ஒன்றுமில்லை, நீங்கள் உண்மையாகவே தீர்த்தீர்கள்" என்று சொன்னேன். மூப்பர் இல்க்கியாவின் மனைவிதான் அந்த வார்த்தைகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உங்களோடு சாட்சி சொன்ன கெமரியா கேட்டுத் தலையாட்டினார். நீங்கள் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மறுநாள் காலை ஊரில் இல்லை.

நான் சண்டைக்கு எழுதவில்லை. ஒரே ஒரு கேள்விதான். குகை வாசலில் அவர் பேசியபோது அவருக்கும் எனக்கும் இரண்டு முழ தூரம்கூட இல்லை. ஆனால் என் அழுகைச் சத்தத்தில் எனக்கு ஒன்றுமே காதில் விழவில்லை. அவருடைய உயிரை எடுத்தது அந்த வார்த்தை. அது எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் நீங்களும் கெமரியாவும்தான். கெமரியாவிடம் கேட்க எனக்கு மனமில்லை.

அவர் என்ன சொன்னார்? சொன்னபடியே எழுதுங்கள்.

தீர்சாள்


தேபேத் மாதம், முதல் நாள்
யோப்பா

அன்புள்ள தங்கச்சி தீர்சாளுக்கு, பெலத்தியா எழுதுவது. சமாதானம்.

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுதக் கூடாதென்று இல்லை. இங்கே ஓயாத மழை, கடல் சீறிக்கொண்டு கிடக்கிறது, கப்பல் எதுவும் வெளியே போகவில்லை. அதனால் கயிற்று வேலையும் குறைவு. நேரம் இருந்தது. தாளும் இருந்தது. என்னால்தான் முடியவில்லை.

நீ கேட்டது நான் எழுதக்கூடியது இல்லையம்மா. ஆண்டவருடைய அந்தப் பெயரை எழுதியோ சொல்லியோ திருப்பக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? விசாரணை முழுக்க, அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மனிதப் பெயரைப் போட்டுத்தான் எங்களைச் சொல்லவைத்தார்கள். இப்போது கடிதத்தில் எப்படி எழுதுவேன்?

ஒன்று மட்டும் நீ நம்ப வேண்டும். மூப்பர்களிடம் முதலில் போனது நான் இல்லை. கெமரியா போனான். "பெலத்தியாவும் பக்கத்துல நின்னான், அவனையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டான். பிறகு என்னை அழைத்தார்கள். கேட்டதைச் சொல்லாமல் மறைக்கிறவன் அந்தப் பாவத்தைத் தானே சுமப்பான் என்று நியாயப்பிரமாணம் சொல்கிறது. நான் என்ன செய்திருக்க முடியும்?

சக்கூரிடம் கருவாடு கொடுத்தனுப்பியிருக்கிறேன். நல்ல மீன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் சொன்னார்.

பெலத்தியா


சேபாத் மாதம், ஒன்பதாம் நாள்
பெத்தேலா

பெலத்தியாவுக்கு, தீர்சாள் எழுதுவது.

கருவாட்டைச் சக்கூருக்கே கொடுத்துவிட்டேன். "யோப்பா மீனை வேணாம்னு சொன்ன மொத ஆளு நீங்கதாம்மா" என்றார். அவர் பிள்ளைகளாவது தின்னட்டும்.

அந்தப் பெயரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னைப் பேதை என்று நினைக்காதீர்கள். நான் எழுத்தர் வீட்டுப் பெண். சட்டம் எனக்கும் தெரியும். 'ஆண்டவர்' என்று நாமெல்லாம் சொல்கிற சொல்லை வைத்து ஒருவன் சபித்தால் சவுக்கடி. ஆசாரியர்கள் ஆலயத்தில் உச்சரிக்கிற அந்தப் பெயரையே சொல்லிச் சபித்தால்தான் கல்லெறி. அவர் எதைச் சொன்னார்? எது வரைக்கும் சொன்னார்? அதைத்தான் கேட்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்புக்கு முந்தின நாள் அவரைப் பார்க்க என்னை விட்டார்கள். காவலாள் ஒரு அப்பம் தின்கிற நேரம்தான். அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் சபையில் வாயே திறக்கவில்லை என்று கத்தினேன். என்ன சொன்னார் தெரியுமா?

"நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்ல தீர்சா. புள்ளைய உள்ள வெச்சது ஞாபகமிருக்கு. கல்லு உருண்டது ஞாபகமிருக்கு. அப்புறம் ஒண்ணுமில்ல. பெலத்தியா பக்கத்துலதான இருந்தான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் உங்கள் வார்த்தையை நம்பித்தான் செத்தார். தன் வாயைவிட உங்கள் காதை நம்பினார்.

கல்லெறியப்பட்டவனுக்காக வெளிப்படையாகத் துக்கம் கொண்டாடக் கூடாது. மனத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். துக்கத்துக்குத் தரையில் உட்கார யாரும் என்னை விடவில்லை. ஆனால் நோவாளுக்குத் துக்கம் காக்கிற முப்பது நாள் அப்போது முடிந்திருக்கவில்லை. அவளைச் சொல்லிச் சொல்லி அவருக்காக அழுதேன். "பெத்த வயிறு, பாவம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முப்பது நாள் முடிந்த காலை, இனி யாரைச் சாக்கிட்டு அழுவது என்று தெரியாமல் மாவைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

எனக்குச் சமாதானம் வேண்டாம். பதில் வேண்டும்.

தீர்சாள்


ஆதார் மாதம், இருபதாம் நாள்
யோப்பா

தீர்சாளுக்கு,

எழுதுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்பதால் ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

கல்லை நான், அவன், கெமரியா மூன்று பேரும் சேர்ந்துதான் புரட்டினோம். கெமரியா கல்லுக்கு அந்தப் பக்கம். நான் எல்நாத்தானின் தோளுக்குப் பக்கத்தில். கல் குகை வாசலில் போய் உட்கார்ந்ததும் அவன் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சொன்னான்: "பத்து வரைக்கும் எண்ணத் தெரியாத புள்ளகிட்ட உனக்கு என்ன பகை? ஆண்டவர் நாசமாப் போகட்டும்." 'ஆண்டவர்' என்றுதான் சொன்னான். நாம் எல்லோரும் சொல்கிற சொல்.

நான் அவன் கையைப் பிடித்தேன். "வேணாம்டா எல்நாத்தான், இது உயிர் போற பேச்சு" என்றேன். "தெரியும். போகட்டும்" என்றான். கெமரியாவுக்கு இது நன்றாகக் கேட்டது. எச்சரித்தோமா என்று சபையில் கேட்டபோது எச்சரித்தோம் என்று சொன்னோம். அதில் பொய் இல்லை.

அப்புறம் அந்தப் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். முதல் ஒலி வந்தது. அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. கல்லில் நெற்றியை மோதிக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான் தீர்சாள். பாதிதான். பாதிகூட இல்லை. மீதியை அவன் சொல்லவேயில்லை.

அப்படியானால் சபையில் நான் என்ன சொன்னேன் என்று கேட்பாய்.

மூன்று நாள் விசாரணையில் மாற்றுப் பெயர் வைத்தே பேசினோம். அந்த மாற்றுப் பெயர் முழுப் பெயர். திரும்பத் திரும்ப அதை முழுசாகச் சொல்லிச் சொல்லி, அவனும் முழுசாகத்தான் சொன்னான் என்று என் காது நம்ப ஆரம்பித்துவிட்டது. கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு மூப்பர் இல்க்கியா என்னைப் பார்த்து, "பெரிய சாட்சி நீதான். காதுல விழுந்தத விழுந்தபடியே சொல்லு" என்றார். நியாயாதிபதிகள் இருபத்துமூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்த அழுகை ஞாபகம் வந்தது. பாதியில் நின்றது ஞாபகம் வந்தது. நிறுத்தினால் மூன்று நாளாகச் சொன்னதெல்லாம் பொய்யாகும், கெமரியா கழுத்துக்கு வருமோ என் கழுத்துக்கு வருமோ என்று பயம் பிடித்தது. வாயைத் திறந்தேன். முழுசாகச் சொன்னேன். அவர்கள் தங்கள் உடையைக் கிழித்தார்கள். அந்தக் கிழிசலை எந்நாளும் தைக்கக் கூடாது, தெரியுமல்லவா? கெமரியா, "நானும் அப்படியே கேட்டேன்" என்றான். தண்டிக்கப் பதின்மூன்று பேர். விடுவிக்கப் பத்துப் பேர்.

இந்த விஷயத்தில் அந்தப் பெயரை முழுசாக உச்சரித்தவன் ஒரே ஒருவன்தான். அது எல்நாத்தான் இல்லை.

அவனை வெளியே கொண்டுபோகும்போது சபை வாசலில் ஒருவன் துணியோடு நிற்பான். தூரத்தில் குதிரைக்காரன், துணி அசைந்தால் ஓடிப்போய்த் தடுக்க, அதையே பார்த்துக்கொண்டிருப்பான். முன்னே ஒருவன் கூவிக்கொண்டு போவான்: "இவன் பக்கம் நியாயம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து சொல்லலாம்!" நான் அந்தக் கூவலுக்கு நாலடி பின்னால் நடந்தேன். திரும்பித் திரும்பித் துணியைப் பார்த்தேன். அசைந்துவிடாதா என்று. அசைக்கவேண்டியவன் நான். நானே வேறு யாருக்கோ காத்திருந்தேன்.

வலி மரத்துப்போகக் கொடுக்கிற சாம்பிராணி போட்ட திராட்சரசத்தைக் குடித்தான். பாவங்களை அறிக்கையிடு என்றபோது, "என் எல்லாப் பாவத்துக்கும் என் சாவு ஈடாகட்டும்" என்றான். பிறகு மேட்டின்மேல் ஏறினோம். இரண்டு ஆள் உயரம். கல்லெறிக்கு முன் அங்கிருந்து கீழே தள்ளவேண்டியது முதல் சாட்சி, அதாவது நான். பதினான்கு வருஷம் அவனும் நானும் தொட்டி விளிம்புகளில் ஏறி இறங்கி வேலை செய்தவர்கள். அந்த மேட்டில் என் கால் சரிந்தது. அவன் திரும்பாமலே சொன்னான்: "கால பாத்து வை."

நான் தள்ளினேன்.

பெலத்தியா


இயார் மாதம், பதினெட்டாம் நாள்
யோப்பா

தீர்சாளுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று சக்கூரிடம் கேட்டேன். "குடுத்தேன். அங்கயே நின்னு படிச்சாங்க. அப்புறம் கழுதைக்குத் தண்ணி காட்டினாங்க" என்றார்.

பஸ்கா முடிந்து நான் பெத்தேலாவுக்கு வந்தேன். நீ பார்க்கவில்லை. நீ தண்ணீர் எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். நேரே மூப்பர் இல்க்கியாவிடம் போய், உனக்கு எழுதியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னையும் அதே மேட்டில் ஏற்றுங்கள் என்றேன்.

அவர், "சாட்சி ஒருதரம் சொன்னா சொன்னதுதான். மாத்திச் சொன்னா சபை கேட்காது" என்றார்.

"அப்ப எனக்கு என்ன தண்டனை?" என்றேன்.

"நீ அந்த நேரம் அங்க இல்லைன்னு வேற ரெண்டு பேர் சொன்னாத்தான் நீ பொய்ச்சாட்சி. நீ அங்கதான் இருந்த. உன்னைத் தண்டிக்க எங்ககிட்ட சட்டமில்ல. வீட்டுக்குப் போ."

வாசல்வரை வந்தவனைத் திரும்பக் கூப்பிட்டார். "அன்னிக்கு, 'எனக்குச் சரியாத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். உன்னை ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டோம். அவனையும் சவுக்கடியோட வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். சொல்லும்போது அவர் கை அந்தக் கிழிந்த உடையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதை வெளியே யாரிடமும் சொல்லவேண்டாம், சபையின் தீர்ப்புக்கு இழுக்கு என்றும் சொன்னார்.

அறியாமல் கொன்றவனுக்கு ஓடிப்போய் ஒளிய அடைக்கலப் பட்டணம் உண்டு. எனக்கு அதுவும் இல்லை. யோப்பாவையே அப்படி வைத்துக்கொண்டு இங்கேயே கிடந்து சாகலாம் என்று இருக்கிறேன். நீ சொல். சபை சொல்லாததை நீ சொல். எதுவானாலும் செய்கிறேன்.

பெலத்தியா


ஆப் மாதம், பதினொன்றாம் நாள்
பெத்தேலா

பெலத்தியாவுக்கு, தீர்சாள் எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கழுதைக்குத் தண்ணீர் காட்டினேன். அன்றைக்கு ஏதாவது ஓர் உயிருக்கு ஏதாவது செய்யவேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

உங்களைச் சபிக்க நிறைய முயற்சி செய்தேன். ஒவ்வொரு தடவையும் வாயெடுத்தால் அவர் குகை வாசலில் நின்றது ஞாபகம் வருகிறது. விட்டுவிட்டேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் தோன்றவில்லை.

பிள்ளையைக் குகையில் வைத்த கையோடு ஒருவன் பேசியதைப் பிடித்து வைத்துக்கொண்டு இருபத்துமூன்று பேர் மூன்று நாள் உட்கார்ந்தார்களே, வலியில் பேசுகிறவனைக் குற்றம் பிடிக்கக் கூடாது என்று அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? உங்களை மட்டும் வெறுத்தால் எனக்குச் சுலபமாக இருக்கும். முடியவில்லை.

வருகிற எலூலோடு ஒரு வருஷம். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவரோடு வேறு இரண்டு பேரும் கிடக்கிறார்கள். தசை போன பிறகு எலும்பைச் சொந்தக் குகைக்குக் கொண்டுவர அனுமதி உண்டு. அதற்குப் பிள்ளையோ சகோதரனோ வேண்டும். அவருடைய அண்ணன் எகிப்தில் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. தோட்டக்காரன், "எது உங்க வீட்டுக்காரரோடதுன்னு அடையாளம் காட்டணும்மா, மழையில எல்லாம் கலந்து கெடக்கு" என்கிறான். அவர் இடது முன்கை உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அதைத் தோலோடுதான் தெரியும். எந்த இடத்தில், எப்படி உடைந்தது என்று தெரிந்தவர் நீங்கள்தான். லேகி ஊர்த் தொட்டியில் அவர் விழுந்தபோது கட்டை வைத்துக் கட்டியது நீங்களாமே.

எலூல் பதினைந்தாம் நாள் காலை வாருங்கள். என்னோடு பேசவேண்டாம்.

தண்டனை கேட்டீர்கள். யோப்பா உங்களுக்கு அடைக்கலப் பட்டணம் இல்லை. அறியாமல் செய்தவனுக்குத்தான் அது. எலும்பை வைத்தபின் ஊர் வாசலில், ஆட்கள் கூடுகிற நேரத்தில் நின்று, என் புருஷன் வாயிலிருந்து எவ்வளவு வந்தது, உங்கள் வாயிலிருந்து எவ்வளவு வந்தது என்று உரக்கச் சொல்லுங்கள். மூப்பர் சொன்ன இழுக்கு எனக்குப் பொருட்டில்லை. சொல்லிவிட்டு ஊரைவிட்டுப் போகாதீர்கள். இங்கேயே இருங்கள். சொல்லிவிட்டு ஓடுவது சொல்லாததற்குச் சமம்.

தீர்சாள்


மர்கெசுவான் மாதம், இரண்டாம் நாள்
பெத்தேலா

பெலத்தியாவுக்கு, தீர்சாள் எழுதுவது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது சக்கூருக்குச் சிரிப்பாக இருக்கிறது. "கூப்பிடு தூரத்துக்கு ஒரு கழுதையா?" என்கிறார். இருக்கட்டும். உங்களோடு நேரில் பேச என்னால் முடியாது.

எலும்பைப் பெட்டியில் வைத்த அன்று மாலைவரை தரையில் உட்கார்ந்தேன். எலும்பு சேர்க்கிற நாளில் துக்கம் கொண்டாடலாம் என்பதால் என்னை யாரும் எழுப்பவில்லை. அவர் பெயரைச் சொல்லி அழுதேன். ஒரு வருஷத்தில் முதல் தடவை. நீங்கள் கையெலும்பை எடுத்து, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் நோவாளுக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவள் எலும்பு சின்னது, ஒரே பெட்டி போதும்.

மறுநாள் வாசலில் நீங்கள் சொன்னபோது நானும் முக்காட்டோடு வெங்காயக்காரன் பக்கம் நின்றேன். கூட்டத்தில் என்னென்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. யாராவது கல்லெடுப்பார்கள், யாராவது உடையைக் கிழிப்பார்கள் என்றா? "பாவம், கடல்காத்து தலைக்கேறிடுச்சு" என்றாள் ஒருத்தி. கெமரியா, "அப்ப நான் கேட்டது என்ன, ஆட்டுச் சத்தமா?" என்று கத்திவிட்டுப் போனார். மூப்பர் இல்க்கியா தன் இருக்கையிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து அவர் வாசலுக்கு வந்து உட்காரவில்லை. மற்றவர்கள் வெங்காயத்துக்குப் பேரம் பேசப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். ஒரு மனிதனைக் கொல்ல ஊர் முழுக்க வந்தது. அவன் அப்படிச் சொல்லவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

ஆனால் நேற்று எதிர்வீட்டு எப்சிபா வந்தாள். போன வருஷம் முகம் கொடுக்காதவள். என் பக்கத்தில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சுண்ணாம்புச் சூளைப் பக்கக் குடிசையில் நீங்கள் தங்கியிருப்பதும் யாரும் உங்களை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்பதும் கேள்விப்பட்டேன். கூப்பிட மாட்டார்கள். நீங்கள் போகாமல் இருப்பதைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு நிலத்தொட்டி வடக்குச் சுவரில் கசிகிறது. முதல் மழை இன்னும் பத்து நாளில் வந்துவிடும். நீர் நிற்காவிட்டால் கோடையில் நான் ஊர்க்கிணற்றை நம்பி இருக்க வேண்டும். வாரத்தின் மூன்றாம் நாள் நான் அக்கா மில்காள் வீட்டுக்குப் போகிறேன், மாலைதான் வருவேன். அன்று வந்து பூசிக் கொடுங்கள். கூலியை மேடைமேல் வைத்திருப்பேன். அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உங்களிடம் கடன்பட்டிருக்க எனக்கு மனமில்லை. குடிக்கத் தண்ணீர் நீங்களே கொண்டுவாருங்கள்.

கதவு பூட்டியிருக்காது. உள்ளே போகாதீர்கள்.

தீர்சாள்